மின்னிலக்கப் பணப்பையும் தந்திக் கூலியும்



கிரிப்டோ என்று நம் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களே, அந்த மின்னிலக்க நாணயத்தைப் பற்றி இன்று சில செய்திகள் சொல்லப் போகிறேன். அதை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. அதை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும்பொழுது கைத்தொலைபேசித் திரையில் இரண்டு எண்கள் தோன்றும். அனுப்புகூலி எவ்வளவு என்பது ஒன்று. போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது மற்றொன்று. அந்த இரண்டு எண்களையும் எப்படிப் படிப்பது என்பதே இன்றைய பேச்சு.

"தோட்டத்து மக்களாகிய நமக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றோரின் சேமநிதிப் பணமும் பிள்ளைகளின் சம்பளமும் இன்று கைத்தொலைபேசி வழியாகவே புழங்குகின்றன. பணம் எந்த வழியில் போகிறதோ, அந்த வழியின் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று பால் நிறுக்கும் இடத்தில் நம் தாய்மார்கள் வாளியை வைத்துவிட்டுச் சும்மா நிற்கவில்லை. தராசு எத்தனை காட்டுகிறது, பாலில் எவ்வளவு ரப்பர் இருப்பதாகக் கிராணி எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். அதே கண் இன்று இந்தத் திரையின் மேலும் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்துகிறேன். ஊருக்குப் பணம் அனுப்ப நம் முன்னோர் தபால் நிலையத்தில் மணியார்டர் கட்டினார்கள். அனுப்பும் தொகை ஏற ஏற, அதற்குரிய கமிஷனும் ஏறும். தந்தி அடித்தாலோ கணக்கு வேறு. தந்திக்குச் சொற்களை எண்ணிக் காசு வாங்கினார்கள். பத்துச் சொல்லில் கலியாணச் செய்தி சொன்னாலும், பத்துச் சொல்லில் நிலம் விற்ற செய்தி சொன்னாலும் கூலி ஒன்றுதான். அவசரத் தந்தி என்றால் மட்டும் கூலி அதிகம். அது முதலில் போகும். தமிழ்நாட்டில் நம் உறவினர் வீடுகளுக்கு அந்தத் தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்த இந்தியத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு முறை மறையவில்லை. பிட்காயின் போன்ற நாணயங்களின் அனுப்புகூலி, மணியார்டர் கமிஷனைப் போன்றதன்று. தந்திக் கூலியைப் போன்றது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

சரி, பணப்பை என்கிறார்களே, அது என்ன? பெயர்தான் பணப்பை. அதற்குள் காசு கிடையாது. உங்கள் பெயரிலுள்ள நாணயத்தைச் செலவு செய்ய உரிமை தரும் ஓர் இரகசியச் சாவிதான் அதில் இருக்கிறது. நாணயத்தின் வரவு செலவு முழுவதும் ஒரு பொதுப் பேரேட்டில் எழுதப்படுகிறது. பிட்காயினுடைய பேரேடு 2009 ஜனவரியில் தொடங்கியது. அது எந்த வங்கியின் பெட்டகத்திலும் இல்லை. உலகமெங்கும் பல்லாயிரம் கணினிகளில் அதே பேரேட்டின் படிகள் இருக்கின்றன. நீங்கள் நாணயம் அனுப்புகிறீர்கள் என்றால், "என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு" என்ற குறிப்பைச் சாவியால் கையொப்பமிட்டு அந்தக் கணினிகளுக்கு அறிவிக்கிறீர்கள். அந்தக் குறிப்பு பேரேட்டில் ஏறினால்தான் பணம் போய்ச் சேர்ந்ததாகப் பொருள்.

இங்கேதான் நெரிசல் பிறக்கிறது. பேரேட்டில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேர்கிறது. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். சில வேளை ஒரே நிமிடத்தில் அடுத்த பக்கம் வந்துவிடும். சில வேளை ஒரு மணி நேரம்கூட ஆகும். ஒவ்வொரு பக்கத்திலும் இடம் அளவானது. பணப்பைகள் போடும் கணக்கின்படி ஒரு பக்கத்தில் பத்து லட்சம் பைட்டு இடமுண்டு. பைட்டு என்பது கணினியில் எழுத்திடத்தை அளக்கும் அலகு. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் சாதாரணக் குறிப்புக்குச் சுமார் 140 பைட்டு வேண்டும். பெரியதும் சிறியதுமாகக் குறிப்புகள் கலந்து வருவதால், ஒரு பக்கத்தில் சில ஆயிரம் குறிப்புகளே அடங்கும். உலகம் முழுவதற்கும் இந்த ஒரு பக்கந்தான். இடம் கிடைக்காத குறிப்புகள் வெளியே காத்துக்கிடக்கும்.

பக்கத்தை எழுதுகிறவர்கள் யார்? அவர்களைச் சுரங்கக்காரர்கள் என்கிறார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் புதிதன்று. ஆனால் இவர்கள் மண்ணைத் தோண்டுவதில்லை. சிறப்புக் கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டு, அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்குப் போட்டி போடுகிறார்கள். வென்றவருக்குப் புதிய நாணயமும், அந்தப் பக்கத்தில் ஏறிய குறிப்புகளின் அனுப்புகூலியும் கிடைக்கும். இதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். அந்த மின்சாரத்தைத் திருடியவர்களும் உண்டு. சரவாக்கின் மிரி நகரில் 2021 ஜூலையில் போலீசார் இத்தகைய 1,069 இயந்திரங்களைச் சாலை உருளையால் நசுக்கி அழித்தார்கள். நம் பேராக்கிலும், பேராக் தெங்கா மாவட்டத்தில் கைப்பற்றப்பட்ட 985 இயந்திரங்கள் 2024இல் அதே முறையில் அழிக்கப்பட்டன. கூலி யாருக்குப் போகிறது என்று கேட்டால், பக்கத்தை எழுதுகிற இந்தத் தொழிலுக்குத்தான் போகிறது.

சுரங்கக்காரர் எந்தக் குறிப்பை முதலில் எடுப்பார்? இடம் அளவானது; ஆகவே ஒரு பைட்டு இடத்துக்கு யார் அதிகக் கூலி தருகிறாரோ அவருடைய குறிப்பை முதலில் எடுப்பார். ஆயிரம் வெள்ளி அனுப்புகிறாரா, பத்து லட்சம் அனுப்புகிறாரா என்று அவர் பார்ப்பதில்லை. தந்தி ஆபீசைப் போலத்தான்: நீளத்துக்குக் கூலி, அவசரத்துக்கு அதிகக் கூலி. வேறுபாடு ஒன்றுண்டு. தந்தி ஆபீசில் விலைப்பட்டியல் சுவரில் தொங்கும். இங்கே பட்டியல் இல்லை. காத்திருப்பவர்களின் போட்டியே விலையை ஏற்றும், இறக்கும்.

எவ்வளவு ஏறும் என்பதற்கு நடந்தவற்றைச் சொல்கிறேன். 2017 டிசம்பரில் பிட்காயின் மோகம் உலகைப் பிடித்திருந்தபொழுது, ஒரு குறிப்புக்குச் சராசரிக் கூலி 50 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சில மாதங்களில் அது சில டாலர்களுக்கு இறங்கியது. 2023 மே மாதத்தில் புதுவகை அடையாளங்களைச் சிலர் பிட்காயின் பேரேட்டில் எழுதத் தொடங்கினார்கள். நெரிசல் முற்றியதால், உலகின் மிகப் பெரிய நாணயச் சந்தையான பைனான்ஸ், பிட்காயின் வெளியே எடுப்பதை 7, 8 தேதிகளில் இரண்டு முறை நிறுத்தி வைத்தது. 2024 ஏப்ரல் 20ஆம் தேதி சராசரிக் கூலி 120 டாலருக்கும் மேலே போயிற்று. அதுவும் சில நாள்களில் வெகுவாக இறங்கிவிட்டது. அந்த ஒரு நாளில் நூறு வெள்ளிப் பெறுமான நாணயத்தை அனுப்ப நினைத்தவருக்கு, அனுப்பும் தொகையைவிடக் கூலியே பன்மடங்கு. நாலு நாள் பொறுத்தவருக்கோ மிகுந்த ஆதாயம்.

இப்பொழுது திரைக்கு வருவோம். பணப்பை கூலியை எப்படி மதிப்பிடுகிறது? தீபாவளிக்கு முதல் நாள் ஈப்போ பஸ் நிலையத்தில் நிற்கும் அனுபவசாலி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டைப் பார்ப்பார். முன்னே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது ஒன்று. சற்று முன் வந்தவர்களுக்கு இடம் கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று என்பது மற்றொன்று. பணப்பையும் அதைத்தான் செய்கிறது. காத்திருக்கும் குறிப்புகள் எத்தனை, அவை ஒரு பைட்டுக்கு எவ்வளவு கூலி தர முன்வந்திருக்கின்றன என்று பார்க்கிறது. அண்மையில் எழுதப்பட்ட பக்கங்களில் எந்தக் கூலிக்கு எவ்வளவு விரைவில் இடம் கிடைத்தது என்றும் பார்க்கிறது. பிறகு மூன்று வகையாகச் சொல்கிறது: விரைவாகப் போக இவ்வளவு, நடுத்தரமாகப் போக இவ்வளவு, மெதுவாகப் போனால் போதும் என்றால் இவ்வளவு.

இது மதிப்பீடேயன்றி உறுதிமொழியன்று. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகு அதிகக் கூலியுடன் ஆயிரக்கணக்கானோர் வந்து சேரலாம். அடுத்த பக்கம் வரத் தாமதமாகலாம். ஆகவே "10 நிமிடம்" என்று திரை சொன்னால், அநேகமாகப் பத்து நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிட்காயினைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்குச் சத்தோஷி என்று பெயர். கூலி, ஒரு பைட்டுக்கு இத்தனை சத்தோஷி என்றுதான் திரையில் தோன்றும். கணக்குக்காக ஒரு பிட்காயின் நான்கு லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,000 சத்தோஷி நான்கு வெள்ளி. சாதாரணக் குறிப்பு 140 பைட்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் பைட்டுக்கு 5 சத்தோஷி என்றால் மொத்தம் 700 சத்தோஷி; அதாவது 2 வெள்ளி 80 காசு. நெரிசல் மிகுந்து பைட்டுக்கு 100 சத்தோஷி ஆனால் 14,000 சத்தோஷி. அதாவது 56 வெள்ளி. அனுப்பும் தொகை மாறவில்லை. அனுப்பும் நேரம்தான் மாறியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. உங்களுக்குச் சிறுசிறு தொகையாகப் பத்து முறை நாணயம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தையும் சேர்த்து ஒரே முறையாக அனுப்பினால், குறிப்பு 140 பைட்டில் நிற்காது. சுமார் 750 பைட்டு ஆகிவிடும். சில்லறை மூட்டையைக் கொண்டுபோய் எண்ணச் சொன்னால் எண்ணுகிறவருக்கு வேலை அதிகம் அல்லவா? அதைப் போன்றது இது. ஒரே தொகையை அனுப்பிய இருவருக்குக் கூலி வெவ்வேறாக வருவதற்கு இதுவே காரணம். யாரும் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஆகவே ஒரு நல்ல பணப்பை, பொத்தானை அழுத்துவதற்கு முன் எவற்றைக் காட்ட வேண்டும்? கூலியைச் சத்தோஷியில் மட்டுமன்றி வெள்ளியிலும் காட்ட வேண்டும். நேரத்தை நிமிடத்திலோ மணியிலோ சொல்ல வேண்டும். கூலியும் தொகையும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு குறையும் என்று சொல்ல வேண்டும். இப்பொழுது நெரிசல் மிகுதியா குறைவா என்று தெரிவிக்க வேண்டும். கூலி அளவுக்கு மீறினால் தடுத்து நிறுத்தி, "உறுதியாகவா?" என்று கேட்க வேண்டும்.

கடைசியில் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி, அமெரிக்காவின் பாக்சோஸ் நிறுவனம் சுமார் 2,000 டாலர் பெறுமான பிட்காயினை அனுப்பியது. அதற்குக் கூலியாகப் போன தொகை ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர்! கணினிப் பிழையால் நேர்ந்தது அது. அந்தப் பக்கத்தை எழுதிய சுரங்கக் குழு பெருந்தன்மையாகப் பணத்தைத் திருப்பித் தந்தது. திருப்பித் தரவேண்டும் என்று அந்தப் பேரேட்டில் எந்த விதியும் இல்லை. நிபுணர்கள் நடத்தும் நிறுவனத்துக்கே இப்படி நேரும் என்றால், அவசரத்தில் விரலை வைக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், சுங்கை சிப்புட்டில் இருக்கும் தாயாருக்கு நாணயம் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். "அனுப்பிட்டேம்மா" என்கிறான். தாயாரோ, "இன்னும் வரலையேப்பா" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே. குறிப்பு கிளம்பிவிட்டது; பக்கத்தில் ஏறவில்லை. திரையில் "காத்திருக்கிறது" என்றிருக்கும். இப்பொழுது பதறி மறுபடியும் அனுப்பக் கூடாது. இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். பல பணப்பைகளில், காத்திருக்கும் அதே குறிப்பின் கூலியை உயர்த்தும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தலாம். அவசரமில்லையென்றால் பொறுத்திருக்கலாம். பெரும்பாலான கணினிகள் இரண்டு வாரம் வரை குறிப்பை வைத்திருந்து, பிறகு கைவிட்டுவிடும். அப்படிக் கைவிடப்பட்டால் நாணயம் அனுப்பியவரின் கணக்கிலேயே நிற்கும். அது தொலைந்து போவதில்லை. பக்கத்தில் ஏறிய பிறகும் நாணயச் சந்தைகள் மேலும் சில பக்கங்கள் சேரும் வரை பொறுத்தே வரவு வைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லா நாணயத்துக்கும் இதே கணக்கில்லை. ஈத்தீரியம் என்பதில் 2021 ஆகஸ்டு முதல் அடிப்படைக் கூலியை நெரிசலுக்கேற்ப அந்த முறையே நிர்ணயிக்கிறது. பக்கங்கள் நிரம்பினால் கூலி படிப்படியாக ஏறும், காலியானால் இறங்கும். அந்தப் பேரேட்டில் வேறு நாணயத்தை அனுப்பினாலும், கூலியை ஈத்தீரிய நாணயத்திலேயே கொடுக்க வேண்டும். அதுவும் உங்கள் சொந்தப் பணப்பையிலிருந்துதான் கழியும்.

"சொந்தப் பணப்பையிலிருந்து" என்றேன் அல்லவா? இன்றைய பேச்சில் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சொல் அதுதான். மோசக்காரர்கள் இப்படிச் செய்கிறார்கள். முதலீடு என்று சொல்லி ஒரு செயலியில் பணம் போட வைப்பார்கள். உங்கள் பணம் பெருகியதாகத் திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், "நெட்வொர்க்கில் நெரிசல், கட்டணமாக மூவாயிரம் வெள்ளி இந்த வங்கிக் கணக்கில் கட்டுங்கள், உடனே விடுவிக்கிறோம்" என்பார்கள். கட்டினால், அடுத்து வரி என்பார்கள். அதற்கடுத்து அபராதம் என்பார்கள். வாழ்நாள் சேமநிதி இப்படிக் கரைந்துவிடும்.

உண்மையான அனுப்புகூலி எப்படி என்று இப்பொழுது உங்களுக்குத் தெரியும். அதை அனுப்புகிறவர் தருகிறார். அவருடைய நாணயத்திலிருந்தே, அனுப்பும் அந்தக் கணத்திலேயே கழிகிறது. யாருடைய வங்கிக் கணக்கிலும் முன்கூட்டிப் போட வேண்டியதில்லை. தொகை பெரிது, ஆகவே கூலியும் பெரிது என்பதும் இல்லை. அது தந்திக் கூலி. நெரிசலை நீக்கித் தருகிறேன் என்று சொல்லும் அதிகாரி எவரும் கிடையாது. அந்தப் பேரேட்டுக்கு அப்படி ஓர் அலுவலகமே இல்லை. ஆகவே, வரவேண்டிய பணத்துக்கு முதலில் நீ கட்டு என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கும் தெரிவியுங்கள். நேரம் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கடினம்.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மின்னிலக்க நாணயம் மலேசியாவில் சட்டப்படி செல்லும் பணமன்று. 2019 ஜனவரி 15 முதல் அதன் வணிகம் பங்குப் பத்திர ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. எந்தச் சந்தைகள் பதிவு பெற்றவை, யாரைக் குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு பட்டியல்களையும் ஆணையம் வெளியிடுகிறது. படித்த பிள்ளையிடம் சொல்லிப் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அன்றியும், ஈப்போவிலிருந்து தைப்பிங்கிற்கு இருநூறு வெள்ளி அனுப்ப இந்தப் பேரேடு தேவையா என்று யோசியுங்கள். 5,000 வெள்ளி வரை தனிநபர்கள் செய்யும் உடனடிப் பணமாற்றத்துக்கு 2018 ஜூலை முதல் நம் வங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை. கூலியில்லாத வழி வாசலில் இருக்கும்பொழுது, கூலி கொடுத்துச் சுற்றிப் போவானேன்?

இதையெல்லாம் மீறி அனுப்பவேண்டிய தேவை இருந்தால், விரலை வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கூலி எத்தனை வெள்ளி? எத்தனை நேரமாகும்? இன்றைக்கே போக வேண்டுமா, நெரிசல் தணிந்து நாளை மறுநாள் போனால் ஆகாதா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "ஆகும்" என்பதே விடையாக இருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்தப் புதிய பணத்துக்கும் பொருந்தும்.